பின்பக்கத்து எழுத்து

ஒரு மனிதனின் முப்பத்தோரு வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பன்னிரண்டாயிரம் என்று விலை சொல்லிவிட்டு, படக்கடைக்காரர் தேநீரை உறிஞ்சினார். அது ஆறிப்போயிருந்தது.

நாற்பத்து மூன்று படங்கள் மேசை கொள்ளாமல் கிடந்தன. அத்தனையும் இங்கிலாந்து. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுத்த ஊர்கள், ஆறுகள், கோபுரங்கள். சேர்த்துவைத்தவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். இங்கிலாந்தை விடுங்கள், விமான நிலையத்தையே வெளியே நின்றுதான் பார்த்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது.

அவர் மனைவி மேசையின் ஒரே மூலையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அங்கே இருந்த தூசி எப்போதோ போய்விட்டது.

"எழுபத்தஞ்சு வேணும், தம்பி."

"எழுபத்தஞ்சா! அக்கா, நல்லாப் பாருங்க. ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு சர்ச்சு, மூணு மாடு. இதப் பாருங்க, அதே ஆறு, அதே மாடு. ஊர்ப் பேரை மட்டும் மாத்திட்டான் வெள்ளைக்காரன்."

"முப்பதாம் தேதிக்குள்ள இந்த வீட்டைக் காலி பண்ணணும். புது வீட்டுக்கு அட்வான்ஸ் எழுபத்தஞ்சாயிரம். வேற வழி இல்ல."

தேவையை முதலிலேயே கொட்டிவிட்டாள். கடைக்காரருக்குப் பாவமாகக்கூட இருந்தது. பேரம் பேசத் தெரியாதவர்களிடம் வாங்கினால் அவருக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. ஆனாலும் வாங்குவார், மூன்றாம் நாள் நன்றாகவே சாப்பிடுவார்.

இன்னும் ஏதாவது குறை சொல்லலாம், பழுப்புப் புள்ளி இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு படத்தைத் திருப்பினார். பின்பக்க மூலையில் பென்சிலால் பொடிப்பொடியாக நான்கு எழுத்துகள். கை அப்படியே நின்றது.

அது கடைக்காரர் முன்பு வேலை பார்த்த படக்கடை முதலாளியின் ரகசியக் குறி. பத்து எழுத்துள்ள ஒரு சொல், எழுத்துக்கு ஓர் எண். படத்தைத் தான் வாங்கிய விலையை அந்த எழுத்துகளில் பின்பக்கம் குறித்துவைப்பார். வாடிக்கையாளர் தலைகீழாக நின்றாலும் புரியாது. கடையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இவர் அங்கே ஆறு வருடம் குப்பை கொட்டியவர்.

இரண்டாயிரத்து எண்ணூறு. அடுத்த படம், மூவாயிரத்து நூறு. அதுவும் அந்தக் காலத்துப் பணம்!

அந்த முதலாளி ஓசியில் வந்த காலண்டருக்கே விலையைக் குறைக்கச் சொல்கிற ஆள். அவரே மூவாயிரம் கொடுத்திருக்கிறார் என்றால், இன்றைக்கு ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்குக் குறையாது. மீட்டர் பார்த்தவருக்கு அவ்வளவு காசு ஏது என்று ஒரு நொடி தோன்றியது. ஆசை அந்தக் கேள்வியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தது.

"இந்த மாதிரிப் படம் விக்கிற கடையிலதான் நான் பில் எழுதிட்டிருந்தேன்," என்றாள் அவள், யாரிடமோ சொல்வது போல. "அங்கதான் அவரைப் பாத்தது. ஞாயித்துக்கிழமை தவறாம வருவார். படம் வாங்கத்தான் வர்றார்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன்."

கடைக்காரர் "ம்" கொட்டினார். காது அங்கே இருந்தது, மனசு கூட்டல் போட்டுக்கொண்டிருந்தது.

"சரிக்கா. துக்க வீடு. நானும் மனுஷன்தான். அறுபது வச்சுக்கங்க."

"எழுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சு. இதுக்கு மேல போனா என் பொண்டாட்டி என்னைக் கதவைத் தாண்ட விடமாட்டா."

"எழுபத்தஞ்சு, தம்பி."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மீட்டரில் எண்ணைப் படிப்பது போல இருந்தது. கடைக்காரர் தோற்றுப்போனவர் போல் நெற்றியில் அடித்துக்கொண்டு, பையிலிருந்து கட்டுகளை எடுத்தார்.

அவள் மனசு மாறிவிடுமோ என்ற பயம் வேறு. ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினார். "அக்கா, வித்தது வித்ததுதான். நாளைக்கு யாராவது வந்து ஐயோ ஏமாந்துட்டீங்களேன்னு சொன்னாலும் திரும்பப் பேச்சே கிடையாது. ரெண்டு பேருக்கும் பொருந்தும். சரிதானே?"

"சரி."

கையெழுத்துப் போட்டாள். பணத்தை இரண்டு முறை எண்ணினாள். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, மறுபடி அதே மூலையைத் துடைத்தாள்.

கடைக்காரர் படங்களை அட்டைக்கு நடுவே அடுக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சணலை எடுத்தார். கடைசிப் படம் ஏதோ ஒரு துறைமுக ஊர், படகுகளின் மேல் மழை. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இத மட்டும் ஐயா வேற எங்கயாவது வாங்கினாராக்கா? பின்னால எழுத்து ஒண்ணையும் காணோமே."

அவள் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நேத்து எழுதும்போது கண்ணு மறைச்சுக்கிட்டே இருந்துச்சு, தம்பி. ஒண்ணு விட்டுப்போச்சு."