பொடி தின்ற எலிகள்

"சூசை அங்கிள், ஓடி வாங்க! மூணே மூணு கோலிதான் பொதைச்சிருக்கு!"

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைக்கும் சூசை, டாக்டர் லோகேஸ்வரியின் குரல் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சில குணங்கள் வரும்படி வளர்த்த எலிகள் அவை. மரத்தூள் மேல் பன்னிரண்டு கோலி வைத்தால் ஒன்றுவிடாமல் புதைக்கும். பக்கத்து எலியைத் திரும்பிப் பார்க்காது. மூன்று மாதமாகப் பாதி எலிகளுக்கு வெறும் தீனி. மற்றவற்றுக்கு டாக்டர் லோகேஸ்வரி கொடுக்கும் பழுப்புச் சத்துப்பொடி கலந்த தீனி. கலக்குவது சூசை.

"பொடி தின்ன எலிங்கள பாருங்க, ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு நிக்குது!"

"எலி என்னா வேணா செய்யும் லா. அதை நம்பி மருந்து விப்பீங்களா?"

"உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை?" டாக்டர் சிரித்தாள். "உங்க மகன் டெஸ்மண்ட் எப்படி இருக்கான்?"

"முப்பது வயசாச்சு. இன்னும் பாட்டில் மூடிய வரிசையா அடுக்குறான். இப்ப எங்கிட்டயே வர்றதில்ல."

"முன்ன வருவானா?"

சூசை கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டின் அந்தச் சின்னச் சமையலறை நினைவுக்கு வந்தது. மனைவி ரோசலின் பஸ் ஏறிப்போய் கேழ்வரகு வாங்கி வருவாள். வறுத்து அரைத்து, வாசனைக்குப் பாண்டான் இலை போட்டுக் கஞ்சி கிண்டுவாள். அந்த வாசத்துக்கே மூடிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, அவள் தோளில் சாய்ந்துகொள்வான் டெஸ்மண்ட். வேறு யாரும் தொட்டால் அலறுகிற பிள்ளை.

"அவங்கம்மா கஞ்சிக்கு வருவான். அவ போன பொறவு நான் காச்சினேன். எந்தோள்லயும் சாஞ்சான்."

"இப்ப காச்சறதில்லையா?"

சூசை கூண்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தடவினார்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பொடி மனுஷங்களுக்கு வர ரொம்ப வருஷம் ஆகும் அங்கிள். வந்தா, மொத டப்பா டெஸ்மண்டுக்குத்தான்."

"வேணாம் டாக்டர்."

"ஏன்?"

சூசை தலையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மூணு மாசமா அந்தப் பொடியத் தின்னுட்டுத்தான் எம்மவன் எங்கிட்ட வராம இருக்கான். நாந்தான் மாத்தி வச்சேன். உங்க எலிங்க தின்னது, அவன் கஞ்சிக்கு வறுத்து வச்சிருந்த கேவுரு மாவு."