யாரைக் கேட்பது?

கிள்ளான் மருத்துவமனைக் கட்டில் ஒன்றில் வாசு கட்டையாகக் கிடந்தார். பக்கவாதம். பேச்சு போயிற்று; கைகால் அசையவில்லை. காதும் கண்ணிமையும் மட்டும்தான் அவர் வசம் மிச்சம்.

"உடனே மூளையில ஆபரேஷன் செய்யணும். சைன் போட வீட்டு ஆளுங்க யாரு இருக்கா?" என்றார் டாக்டர்.

"மக ஒண்ணுதான், டாக்டர். இப்பதான் பதினெட்டு ஆயிருக்கு. வந்துகிட்டு இருக்கு," என்றாள் நர்ஸ்.

வாசுவின் காதில் அது விழுந்தது. மலர்விழியா? அவள் கையிலா தன் உயிர்?

வராந்தாவில் டக்... டக்... என்று சத்தம் நெருங்கியது. ஒரு வருடமாக அவரைத் தூங்கவிடாத சத்தம்.

போன வருடம் இதே மருத்துவமனையில் அவள் கெஞ்சினாள். "அப்பா, முட்டியில உள்ள கட்டிய இப்பவே எடுத்துட்டா கால் தப்பிச்சிருமாம். சைன் போடுங்கப்பா."

"பதினேழு வயசுல உனக்கு என்னா தெரியும்? பத்துமலைக்குக் காவடி நேந்திருக்கேன். தைப்பூசம் முடியட்டும்லா."

தைப்பூசம் முடிந்தது. காலும் போயிற்று.

இப்போது ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மலர்விழி பேனாவை வாங்கினாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"டாக்டர், அப்பாவைக் கேட்டீங்களா?"

"அவரால பேச முடியாதும்மா. நீதான் முடிவு பண்ணணும்."

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பா, இது உங்க உடம்பு. ஆபரேஷன் வேணும்னா ஒரு தடவை கண்ண மூடித் திறங்க."

வாசு கண்ணை மூடினார்.

திறக்கத்தான் முடியவில்லை. திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.