ஃபில்டர் குடித்த ஆயில்

கிழட்டு லாரி எஞ்சின் ஓயாமல் புகை கக்கியது. பிரித்து வேலை பார்ப்பதா, கூடுதல் காற்றூட்டும் டர்போ வைப்பதா, வேறு எஞ்சினே மாற்றுவதா என்று மெக்கானிக் யோசித்தார்.

"எனக்கென்ன குறை? இந்த ஏர்ஃபில்டர்தான் மூச்சுவிட விடமாட்டேங்குது. டர்போ வைங்க, மலையேறிக் காட்டுறேன்" என்று உறுமியது எஞ்சின்.

ஃபில்டர் வாயே திறக்கவில்லை.

மெக்கானிக் அதைக் கழற்றினார். தூசிக்குப் பதில் கறுப்பு ஆயில் சொட்டியது. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துபோய் எஞ்சினே மேலே தள்ளிய ஆயில்! எஞ்சினுக்கு மானம் போயிற்று.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?" என்று ஃபில்டரைக் கேட்டது எஞ்சின்.

"உங்க ஆயில்தானேண்ணே, வெளியில தெரிய வேண்டாம்னு குடிச்சுக்கிட்டேன்" என்றது ஃபில்டர்.

ரிங் மாற்ற முடிவாயிற்று. ஃபில்டர் குப்பைக்குப் போயிற்று.

புது ஃபில்டர் வந்ததும், "எனக்கு முன்னாடி இருந்தவன் எப்படிண்ணே?" என்று கேட்டது.

புது ரிங் போட்டும், அன்றைக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் பிடித்தது.