கவிக்குக் கீழே ஒரு பெயர்

“வெட்டுங்க மாஸ்டர். எனக்கு முன்னால, இப்பவே வெட்டுங்க.”

உசனார் அச்சுத்தாளைக் கோணாமலை மாஸ்டரின் கையில் திணித்தார். வாசற்படலைக் கதவை அவர் ஏற்கெனவே இழுத்துக் கட்டியிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட வரவில்லை.

போன மாதம் இதே காத்தான்குடி வீட்டில் மாஸ்டருக்குப் பாய் விரித்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். உசனாரின் மனைவி ஸகியா உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்து ஏழு கவிகள் சொன்னாள். மாங்கேணிக் கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி பாடுகிற கவிகள். உசனார் வெற்றிலை மென்றபடி பக்கத்தில் குந்தியிருக்க, மாஸ்டர் கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டார்.

அந்த அச்சுத்தாளில் இருந்தது, ஒரு தமிழ்ச் சங்கத்தின் 1936ஆம் ஆண்டு மலருக்காக நாட்டுக்கவிகளைப் பற்றி அவர் ஒரு வருஷமாக எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஏழு கவிகளுக்கும் கீழே ‘ஸகியா, காத்தான்குடி’ என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தார். அச்சுக்கூடம் திருத்தத்துக்குத் தந்த ஒரே பிரதியை மரியாதைக்காக இந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள், உடனே வரச்சொல்லி ஆள் வந்தது.

“காக்கா,” என்றார் மாஸ்டர். உசனாரை அவர் எப்போதும் அண்ணன் முறை வைத்தே கூப்பிடுவார். “பேர ஏன் வெட்டச் சொல்றீங்க எண்டு சொல்லுங்க.”

“ஏன் எதுக்கு எண்டு கேக்காதீங்க. இந்தத் தாள் வந்த நாள்ல இரிந்து இந்த ஊட்டுல நிம்மதி இல்ல. ரெண்டு நாளா அடுப்பு மூட்டல்ல.”

ஊரில் யாரோ கேட்டிருப்பார்கள் என்று மாஸ்டர் நினைத்தார். வீட்டுப் பெண்ணின் பெயர் அச்சில் வந்தால் பேச ஆளா இல்லை. ஆனாலும் அவரால் விட முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், மண்டூர் வயல் வட்டைகளில் வெயிலில் நின்று அவர் கேட்டு எழுதிய அறுவடைப் பாட்டுகளை ஒரு பண்டிதர் இரவல் வாங்கிப் போனார். நான்கு மாதத்தில் அவை பண்டிதரின் பெயரில் புத்தகமாக வந்தன. எங்கே கிடைத்தன, யார் தந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பண்டிதரைக் கள்ளன் என்று சொல்லாத நாள் மாஸ்டருக்குக் கிடையாது.

“பேர் இல்லாமப் போட்டா நான் கட்டின கவி எண்டுதான் வாசிக்கிறவன் நினைப்பான். அது களவு காக்கா. என்னால ஏலாது.”

“அப்ப இந்தத் தாள் இந்தப் படலையத் தாண்டிப் போகா.” உசனார் உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டினார். “ஒங்கட சங்கமும் வேணா, மலரும் வேணா. ஒங்களோட பழகினதே பிழையாப் போச்சு.”

“கவியையே எடுத்திரட்டா?”

“கவி இரிக்கட்டும். பேர்தான் வேணா.”

மாஸ்டர் தாளைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் அச்சுக்கூடத்தில் கொடுக்காவிட்டால் கட்டுரை இல்லாமலே மலர் வந்துவிடும். ஒரு வருஷ உழைப்பு. பேனாவைத் திறந்தார்.

“சரி. ‘காத்தான்குடிப் பெண் ஒருவர்’ எண்டு போடறன். பேர் இல்ல. சம்மதமா?”

உசனாரின் முகம் முதல் தடவையாகத் தணிந்தது. “அப்பிடியே போடுங்க. அதோட முடியட்டும்.”

“எழுதாதீங்க.”

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது ஸகியாவின் குரல். கவி சொன்ன அன்றைய குழைவு அதில் இல்லை.

“நீ சும்மா இரி,” என்றார் உசனார்.

“சும்மா இரிந்ததாலதான் இவ்வளவும் வந்த.”

மாஸ்டருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பேனாவை மூடினார். “அப்ப உங்கட பேரே இரிக்கட்டும் தங்கச்சி.”

“அது அதவிடக் களவு.”

“எப்பிடித் தங்கச்சி?” என்றார் மாஸ்டர்.

“என்ட மாப்புள இந்தா ஒங்களுக்கு முன்னால நிக்காரு. நான் எந்தக் கடல்ல ஆரப் பறிகுடுத்த? கவி கட்டினவ வேலிக்கு அங்கால இரிக்கா. என்ட ராத்தா, றஸீனா. கூடப்பிறந்தவ. மாப்புளயக் கடல்ல பறிகுடுத்து அவ அழுதழுது பாடக்கொள்ள நான் வேலிக்கு இங்கால நிண்டு கேட்டுப் பாடமாக்கின, அவ்வளவுதான். அவட பேரப் போடுங்க.”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே.”

“ஒங்கட பேர் என்ன எண்டுதான் கேட்டீங்க. ஆரு கட்டின எண்டு கேக்கல்ல.”

மாஸ்டருக்குக் காது சுட்டது. பண்டிதரைத் திட்டிய சொல் ஒவ்வொன்றும் இப்போது அவரை நோக்கி வந்தது.

உசனார் திரைப் பக்கம் திரும்பினார். இவ்வளவு நேரம் மாஸ்டரிடம் காட்டிய கோபம் றஸீனா மேல் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ரெண்டு நாளா நீ அடம்புடிக்கிற அந்தப் பேர் இந்த ஊட்டுல எடுக்கப்படா எண்டு செல்லித்தானே வச்சிரிக்கன். நாம குடியிரிக்கிற வளவுக் காணியத் தன்ட எண்டு வழக்குப் போட்டுக் கோட்டுக்கு இழுத்தவ. ஏழு வருஷமா நீயும் அவட முகத்தில முழிக்கல்ல. அவளுக்கு நாம அச்சில பேர் ஏத்திக் குடுக்கிறயா?”

ஸகியா திரைக்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னாள்.

“வளவு என்ட. கவி அவட.”