சேற்றின் சத்தம்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரத்து நவம்பர் வெயிலில் தகரக் கூரை சடசடக்கிறது. கறுப்புத் துணி கட்டிய இந்த அறைக்குள் மட்டும் இருட்டு. புதிய ஊடகக் கலையில் ஆனர்ஸ் பட்டப்படிப்பை முடிக்கும் டெகன், தேர்வாளர் ஹெதரையும் வழிகாட்டிப் பேராசிரியர் கீர் என்பவரையும் தன் இறுதித் தேர்வுப் படைப்பைக் காட்ட முன்வரிசையில் உட்காரவைக்கிறாள். போன வருடம் அவள் சதுப்பு நிலத்தில் ஒலிப்பதிவு செய்தபோது கூடவே நின்று உதட்டைப் பிதுக்கியவர் கீர். பிறகு அதே ஒலியைத் தன் பெயரில் காட்சிக்கு வைத்துப் பரிசும் வாங்கிக்கொண்டார். டெகன் படிப்பை விட்டுப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே வழிகாட்டியாகக் கேட்டு வாங்கினாள். இப்போது திரையில் அலையாத்தி வேர்கள் நீலமாக எழுகின்றன. நீர் வற்றும் சேறு களக் களக்கென்று குமிழியிடுகிறது. "இது உங்க பரிசுப் படைப்புல வந்த சத்தமாச்சே, கீர்?" என்று ஹெதர் திரும்புகிறார். கீர் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில், அந்தச் சேற்றுச் சத்தத்தின் நடுவிலேயே, அன்று கூடவே பதிவான அவருடைய குரல் கேட்கிறது: "வெறும் சேறு, டெகன். இதை எவன் உக்காந்து கேப்பான்? அழிச்சிட்டு வேற ஏதாவது பண்ணு, போ." ஹெதரின் பேனா அப்படியே நின்றுவிடுகிறது. கீரின் நெற்றி வியர்வையில் திரையின் நீலம் மினுங்குகிறது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுகிறார். "நிறுத்து அதை" என்கிறார் அடிக்குரலில். டெகன் ஒலியைக் கூட்டுகிறாள். "இன்னும் பாதிகூட ஆகல, கீர். உக்காந்து கேளுங்க."