பிசைந்த போளி

கிழக்கேகோட்டைச் சாப்பாட்டுக் கடையின் ஜன்னலில் உச்சிவெயில் நிறைந்து நிற்கிறது. அதில் ஒரு துண்டு திவ்யலட்சுமியின் இலையில் விழுந்து, மெல்லிய போளியை இன்னும் மஞ்சளாக்குகிறது. சென்னையிலிருந்து அவளோடு ஊர் சுற்ற வந்த அலுவலகத் தோழிகள் போளியைச் சுருட்டிக் கடிக்கிறார்கள். “ஐயோ மேடம், அப்படி அல்ல, இங்க பாயசம் விட்டு...” என்று வழிகாட்டி அனீஷ் பதறுகிறான். அதற்குள் திவ்யலட்சுமியின் விரல்கள் போளியைப் பிய்த்து, நடுவில் குழி செய்து, பரிமாறும் பெண் ஆதிரா ஊற்றிய பால் பாயசத்தோடு பிசையத் தொடங்கிவிட்டன. காலையில் ஆரியசாலைச் சந்துகளைச் சுற்றியபோது, அப்பாவின் மிளகாய் மண்டி இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை மினுங்கியது. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் தெருவைப் படம் எடுத்துக்கொண்டாள். நான் பிறந்த தெரு என்று வாய் வரை வந்தது. சொன்னால், வீட்டைக் காட்டு என்பார்கள். விற்றுப்போன வீட்டை எப்படிக் காட்டுவது? பாயசம் மணிக்கட்டுக்கு வழிகிறது. நக்கப் போனவள் தோழிகளைப் பார்த்துக் கையை இறக்கிக்கொள்கிறாள். பாயச வாளி தூணில் இடிக்க, ஆதிரா அந்தக் கையையே பார்த்து நிற்கிறாள்.

“சேச்சி இவிடத்துக்காரியாணோ?” இந்த ஊர்க்காரியா என்று கேட்கிறாள்.

“ஏய், அல்ல” என்கிறாள் திவ்யலட்சுமி சட்டென்று, சுத்தமான மலையாளத்தில்.

தோழிகள் நிமிர்கிறார்கள். ஆதிரா இன்னொரு கரண்டி ஊற்றுகிறாள், பிறகும் ஒன்று. போதும் என்று திவ்யலட்சுமி எந்த மொழியிலும் சொல்லவில்லை.