பாஸாயிடுச்சு

அன்னபாக்கியத்தின் சிறுநீரகத்தைத் தம்பி முத்தையனுக்கு வைத்து மூன்று நாளாகிவிட்டது. ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. "யூரின் பாஸ் ஆகணும்மா. அப்பத்தான் எதையும் சொல்ல முடியும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, தைத்த விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலையே பார்த்துக் கிடந்தாள்.

நான்காம் நாள் காலையில் நர்ஸ் ஓடிவந்து, "அக்கா, பாஸாயிடுச்சுக்கா!" என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

அன்னபாக்கியம் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். தையல் சுரீரென்றது, அவள் சட்டை செய்யவில்லை.

நேற்றுத்தான் வந்து சேர்ந்த பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்: "ரிசல்ட் வந்துடுச்சா? யாரு பாஸு, மகனா மகளா?"

"என் கிட்னிங்க! புது எடத்துல மூணு நாளு திருதிருன்னு முழிச்சுது. இன்னைக்குப் பாஸாயிடுச்சு!"